வெடித்துளைக் கல்

இல்லை மச்சான், கோடு இல்லை. நேற்று பார்த்துவிட்டேன்.

மாமல்லபுரத்தில் சிலைப் பட்டறையில் கல் அறுக்கிறேன். மெஷினில் தண்ணீர் பட்டுக் கல் தேயும்போது எழும் ஈரப் புழுதி வாடைக்கு உன் நினைப்பு வரும், கூடவே ஆத்திரமும் வரும். அந்த ஆத்திரத்தில்தான் உன் கல்லையே அறுத்தேன். வெளிச்சம் ஊடுருவும்வரை சீவலாகத் தேய்த்து, இப்போது அங்கே எம்.எஸ்சி. படிக்கும் ஜூனியர் பையனைப் பிடித்து, நம் காலேஜ் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். விண்கல் இடித்திருந்தால் குவார்ட்ஸ் மணிக்குள் நெருக்கமாக இணைகோடுகள் ஓடும். குவாரி வெடிக்கு அவற்றைப் போடும் பலம் கிடையாது. உன் கல்லில் ஒன்றுமே இல்லை.

ஜியாலஜி வகுப்போடு போன செங்கல்பட்டு குவாரியில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாய். கூம்பு முனையிலிருந்து குதிரைவால்போல் விரிந்த வரிகள், விண்கல் மோதிய பாறையில் இருக்கும் என்று பாடத்தில் படித்த மாதிரியே. "இன்னா மச்சான் முழிக்கிற? வானத்துலேர்ந்து வுழுந்து இடிச்சிகீது. நம்ம ஊர்லடா" என்றாய்.

வகுப்பில் சார் அதைத் திருப்பி, ஓரத்தில் இருந்த அரைவட்டப் பள்ளத்தில் விரலை வைத்தார். "இது வெடி வைக்க ட்ரில் போட்ட ஓட்டைப்பா. வரியெல்லாம் இங்கேர்ந்துதான் கிளம்புது. உன் விண்கல்லு வெடி வைக்க லைசென்ஸ் வாங்கிச்சா?"

வகுப்பே சிரித்தது. நானும் பெஞ்சைத் தட்டிச் சிரித்தேன்.

"உதிரிக் கல்லு சாட்சி ஆவாதுன்றாரு. பாறையோட ஒட்டிகினு கீறத காட்றேன்" என்று மறுநாள் தனியாகப் போனாய். மத்தியான வெடிக்கு முன் மூன்று விசில் ஊதுவார்கள் என்று உனக்குத் தெரியும்.

"மூணாவது விசிலுக்குத்தான் பாறைக்கு அந்தாண்டேர்ந்து எட்டிப் பாக்குறான். நான் கத்தறதுக்குள்ள திரி முடிஞ்சிபோச்சு" என்று விசில்காரர் அழுதார்.

இரங்கல் கூட்டத்தில் சார் உன்னை ஆர்வமான மாணவன் என்றார். எழுந்து, "அப்புறம் ஏன் சார் சிரிச்சோம்?" என்று கேட்டேன். வெளியே போகச் சொன்னார். போனவன் காலேஜுக்குத் திரும்பவே இல்லை. அவர் சொன்னது தப்பு என்று காட்டத்தான் நாலு வருஷமாக உன் கல்லை வைத்திருந்தேன். அவர் சொன்னது சரிதான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு வாரம் பொறுத்திருந்தால் இரண்டு பேரும் தேய்த்துப் பார்த்திருப்போம். தோற்றுப்போய் ஸ்டேஷன் வாசலில் டீ குடித்திருப்போம். தோற்பது அவ்வளவு பெரிய விஷயமாடா, முட்டாள்?

இப்போதும் நாலு பேர் சேர்ந்து ஒருவனைப் பார்த்துச் சிரித்தால் என் வாய் இறுகிவிடுகிறது. பட்டறையில் என்னைச் சிடுமூஞ்சி என்கிறார்கள். சொல்லட்டும்.

"டேய், லோடு வந்துகீது. அங்க இன்னா எழுதிகினு கீற?"

ஓனர் கத்துகிறார். போக வேண்டும்.