காராமணி தின்னிகள்

பிப்ரவரி 11
சந்தை நாள். சந்தை இல்லை. ஆயுதக்காரர்கள் பாதையை மறித்து இருபது நாள். என் மகள் நியெலேவுக்கு ஒன்பது வயது. அவளுடைய இன்சுலின் இன்னும் ஆறு நாளைக்கு வரும். மருந்துக்கடை மறிப்புக்கு அப்பால்.

பிப்ரவரி 12
நான்தான் கெடுத்தேன்.

மறிப்பில் பேச்சுவார்த்தை. அண்டை நாடுகளின் அமைதிப்படை சார்பில் லெப்டினன்ட் கெய்தா, கினியாக்காரர். கண்காணிக்க வெளிநாட்டுக் கேப்டன். நான் அவருடைய மொழிபெயர்ப்பாளன். மறித்தவர்களின் தலைவன் என்னைப் போலவே கூலிபாலி குலம். கெய்தா குலமும் கூலிபாலி குலமும் தலைமுறையாகக் கேலி முறை. கண்டதும் திட்டிக்கொள்ளாவிட்டால்தான் மரியாதைக் குறைவு.

கெய்தா கத்தினார்: "டேய் காராமணி தின்னி! என் அடிமை நீ, என் பாதையையே மறிக்கிறியா?"

தலைவன் சிரித்துத் துப்பாக்கியைத் தாழ்த்தினான். கேப்டன் என்னிடம், "சொல்லுக்குச் சொல் சொல்லுங்க" என்றார். சொல்லித் தொலைத்தேன். 'அடிமை' என்றதும் அவர் முகம் வெளுத்தது. எல்லோரையும் முகாமுக்குத் திருப்பினார். மேலிடத்து உத்தரவு வரும்வரை ஒரு வண்டியும் நகராதாம்.

பிப்ரவரி 13
உத்தரவு வரவில்லை.

பிப்ரவரி 15
மருந்தைக் குறைத்துப் போடுகிறோம். நியெலே தண்ணீர் தண்ணீர் என்கிறாள். முன்னால் மறிப்பு, பின்னால் ஆறு. எங்கே போவேன்?

என் மனைவி சித்தான் கேட்டாள்: "நாலு பாஷை தெரிஞ்ச மனுஷனுக்கு வாயை மூடத் தெரியலையா?"



பிப்ரவரி 16
கெய்தாவிடம் கெஞ்சினேன். "நீங்களாவது போகக்கூடாதா?"

"எதுல போறது? வண்டி வெளிநாட்டுக்காரங்களோடது, டீசலும் அவங்களோடது. என்னோடதுன்னு இந்த பூட்ஸ்தான்." கொஞ்சம் யோசித்தார். "உன் மாமனார்கிட்ட கழுதை வண்டி இருக்குல்ல, அடிமைப் பயலே? ஒரு மூட்டை காராமணி ஏத்து. கழுதைக்கு டீசல் வேணாம்."

பிப்ரவரி 17
காலையில் கடைசி ஊசி போட்டாயிற்று. கெய்தா துப்பாக்கி இல்லாமல், ரேடியோவோடு கழுதை வண்டியில் போனார். நான் முகாமில், கேப்டன் பக்கத்தில்.

ரேடியோவில் கெய்தா குரல்: "டேய் அடிமை! உன் தீனி கொண்டாந்திருக்கேன், எழுந்து வந்து வாங்குடா!"

பிறகு சத்தமே இல்லை. கேப்டன் பதறினார். "என்ன சொல்றார்?"

"வணக்கம் சொல்றார், சார்."

அப்புறம்தான் அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

பிப்ரவரி 18
மருந்துக்கடைவரை வழிவிட்டார்கள். எட்டுக் குப்பி இன்சுலின். சித்தான் ஈரப் பானைக்குள் வைத்திருக்கிறாள். கழுதையைத் தலைவன் வைத்துக்கொண்டான்; கெய்தா வழியெல்லாம் எங்கள் குலத்தைத் திட்டியபடி நடந்தே வந்தாராம். மாமனாரிடம் இன்னும் சொல்லவில்லை.

நியெலே எழுந்து உட்கார்ந்தாள். "அப்பா, நாம நெஜமாவே காராமணி தின்னிங்களா?"

"ஆமாடி, கண்ணு. தலைமுறை தலைமுறையா."