மச்சுக் குழாய்

பதிவு 1
திங்கள், காலை 8:10. வெளியே மைனஸ் 71 டிகிரி. உள்ளே 14.

இதை எடுத்துப் படிக்கிறவர் முதலில் என் எழுத்தை மன்னிக்க வேண்டும். வரி மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும். ஓர் எழுத்து பூசணிக்காய் அளவும் அடுத்தது கடுகு அளவும் இருக்கும். எழுபது வயது தாண்டும் வரை நான் கைநாட்டு. போன குளிர்காலத்தில்தான் எழுதப் படிக்கக் கற்றேன். மூட்டை தூக்கிப் பழகிய விரல்கள் பென்சிலையும் மூட்டை மாதிரியே பிடிக்கின்றன. ஆனாலும் இந்தப் பக்கத்தை நான் எழுதுகிறேன் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

பெயர் தங்கப்பழம். இடம் செவ்வாயின் வடசமவெளி, பழைய வீடு ஐந்து. நான் மட்டும்தான் இருக்கிறேன். மச்சில் காற்று ஒழுகும் ஓட்டைகளை அடைப்பது என் வேலை.

முதன்முதலில் இங்கே வந்தவர்கள் கட்டிய வீடு இது. வெளியே தகட்டுக் கூரை, அதற்குக் கீழே உட்கூரை. இரண்டுக்கும் நடுவே, ஆள் தவழ்ந்து போகும் உயரத்தில் மச்சு. சூடான காற்று மேலேதான் போகும். விளக்கு மாட்டிய ஓட்டை, ஒயர் நுழையும் ஓட்டை, சுவரும் உட்கூரையும் சேரும் இடுக்கு, மச்சுக் கதவின் விளிம்பு, இத்தனை வழியிலும் ஏறி மச்சில் வீணாகிறது. ஹீட்டர் நாளெல்லாம் உறுமியும் வீடு சூடாகாததற்கு இதுதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை சேர்மக்கனியும் அவன் மனைவி லிங்கபுஷ்பமும் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வருகிறார்கள். அதற்குள் முடிக்க வேண்டும்.

எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் தலைமை நிலையத்து வானொலியில் பேசும் வடிவு. முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். எழுத்தின் உருவத்தையும் வாயால்தான் சொல்வாள். 'ட' என்றால் பக்கவாட்டில் பார்த்த நாற்காலி. பக்கத்தில் ஒரு கால் நிறுத்தினால் 'டா'. அடியில் கொக்கி போட்டால் 'டு'. இன்று அவள் பேசியது:

"பெரியப்பா, பதிவு எழுத ஆரம்பிச்சாச்சா? பேனா எடுக்காதிய, மை காஞ்சிரும். அப்புறம், போன மாசச் சாமான் சீட்டைப் பாத்தேன். உளுந்து வேண்டாம்னு எழுதச் சொன்னா, உளுந்து வேண்டும்னு எழுதி அனுப்பியிருக்கிய. ஒரு மூட்டை வந்து எறங்கிட்டு. அங்க என்ன, இட்லிக் கடை போடப் போறியளா?"

நான்: "ஒரு எழுத்துதானம்மா மாறிட்டு."

வடிவு: "அந்த ஒரு எழுத்துதான் பெரியப்பா மூட்டையா வந்து நிக்கி. டா போட்டா வேண்டாம், டு போட்டா வேண்டும். கால மறக்காதிய."

பதிவு 2
செவ்வாய், மாலை 5:40. உள்ளே 14.

மச்சுக் கதவைத் திறந்தேன். திறந்ததும் மூடிவிட்டு இறங்கி வந்து ஓங்கரித்தேன்.

நாற்பது ஆண்டுகளாக இந்த வீட்டில் இருந்தவர்கள் விட்ட மூச்சு, குளித்த ஆவி, கருவாடு வறுத்த புகை, வேர்வை எல்லாம் ஓட்டை வழியாக மேலே போயிருக்கிறது. தகட்டின் குளிரில் பட்டு அப்படியே உறைந்திருக்கிறது. உறைபனி வெள்ளையாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இது சளி நிறத்தில் இருக்கிறது. தடிமன் என் கை அகலம். உள்ளே தலைமுடி தெரிகிறது. கால் விரித்த கரப்பான் பூச்சிகள் தெரிகின்றன. அவை எந்தக் கப்பலில் ஏறி வந்தனவோ. என் தலைச் சூடு பட்டு ஒரு சொட்டு இளகி மேல் உதட்டில் விழுந்தது. உப்புக் கரித்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

பிறகு வெளியே போகும் கவசத்தை மாட்டிக்கொண்டு, அதன் உருளைக் காற்றைச் சுவாசித்தபடி ஏறினேன். வீட்டுக்குள் வேலை செய்ய இது வேண்டியதில்லைதான். ஆனால் அந்த நாற்றத்தை மூக்கில் வாங்க என்னால் முடியாது.

உட்கூரையின் மேல் பஞ்சு விரித்திருக்கிறது. பஞ்சு எங்கே கறுத்திருக்கிறதோ அங்கே அடியில் ஓட்டை. அழுக்குக் காற்று பஞ்சை வடிகட்டியாக்கிக்கொண்டு போன தடம் அது. கறுத்ததை எல்லாம் பிய்த்துக் கீழே தள்ளினேன். கையுறை பிசுபிசுத்தது. சின்ன ஓட்டைக்குப் பட்டிப் பசை, பெரிய ஓட்டைக்கு நுரை. இந்த நுரை பீச்சும்போது பால் மாதிரி பொங்கும், காய்ந்தால் கல்.

பதிவு 3
புதன், மதியம் 1:15. உள்ளே 16.

கீழே நின்று ஊதுபத்தி கொளுத்திச் சோதித்தேன். ஓட்டை இருக்கும் இடத்தில் புகை சட்டென்று வளைந்து மேலே ஓடும். எங்கே ஓடுகிறதோ அங்கே அடைக்க வேண்டும். ஆறு விளக்குகளும் முடிந்தன. சுவர் இடுக்குகள் பாதி முடிந்தன.

இன்று கண்டதை எழுதுவதா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தேன். மச்சின் ஓரத்தில் ஒரு தட்டு சாய்வாக வைத்திருக்கிறது. உறைபனி இளகி அதில் வழிகிறது. தட்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இறங்குகிறது. அது எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டே வந்தேன். சமையலறைத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறது.

இங்கே வந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீரில்தான் டீ போட்டுக் குடிக்கிறேன்.

வானொலியில் கத்தினேன். வடிவு சிரித்தாள்.

வடிவு: "அது பில்டர்ல போயி, காய்ச்சி, சுத்தமாத்தான் வரும் பெரியப்பா. இங்க எல்லா வீட்லயும் அப்படித்தான். தண்ணிக்கு வேற எங்க போவோம்?"

நான்: "ஊரான் எச்சில், வடிவு. முன்ன பின்ன பாத்திராத ஆளுவ எச்சில். ஒரு தம்ளர்ல ரெண்டு பேரு வாய் வச்சா கழுவாமக் குடிக்க மாட்டேன் நான்."

வடிவு: "ஆவியாப் போயி திரும்பி வந்தது எச்சில் ஆகாது."

நான்: "ஆவியானா எச்சில் இல்லைன்னு எவன் சொன்னான்?"

வடிவு: "சரி, குடிக்காம இருங்க, நாக்கு ஒட்டுனதும் தெரியும். இதைக் கேளுங்க. பெரும் புழுதி வருது. நாளையிலேருந்து நாலஞ்சு நாள் வானொலி வேலை செய்யாது. சேர்மக்கனி வண்டி கெளம்பிட்டு. இந்தா, அவனும் லைன்ல இருக்கான்."

சேர்மக்கனி: "அண்ணாச்சி, வீட்டைச் சூடா வையுங்க. வண்டில காத்து உங்க வீடு வந்து சேர மட்டும்தான் இருக்கு, வேற எங்கயும் திரும்ப முடியாது. வந்து எறங்குனதும் தலைக்கவசத்தக் கழத்தி எறிஞ்சிட்டு ஒரு தூக்கம் போடணும். லிங்கபுஷ்பம் இட்லிப் பானைய மடியில வச்சிக்கிட்டு வாரா. உங்க உளுந்த நம்பி."

லிங்கபுஷ்பம்: "அண்ணாச்சி, மச்சுத் தண்ணிலதான் மாவாட்டுவேன். மொகம் சுளிக்கப்பிடாது!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் போட்டு வைத்த டீயைக் கொட்டினேன்.

பதிவு 4
வியாழன், மாலை 6:00. உள்ளே 21!

வானொலியில் இரைச்சல் மட்டும்தான். ஜன்னலில் புழுதி.

இன்று எனக்குப் பெரிய நாள். வரிசையாக எழுதுகிறேன்.

எல்லா ஓட்டையும் அடைத்த பிறகும் வீட்டுக்குள் அந்த நாற்றம் இறங்கிக்கொண்டே இருந்தது. ஊதுபத்தியோடு தேடினேன். கூடத்தின் உச்சியில், மச்சிலிருந்து இறங்கும் என் தொடை அளவு குழாயின் வாயிலிருந்துதான் வருகிறது. மற்ற ஓட்டைகளில் முன்பு புகை மேலே ஓடியது. இங்கே மட்டும் கீழே தள்ளப்பட்டது. வாயைச் சுற்றிப் பிசுக்கு ஏறி மீசை மாதிரி முடி தொங்கியது. விட்டு விட்டுக் காற்று வந்தது. யாரோ கிழவன் முகத்துக்கு நேராக வாய் திறந்து தூங்குவது போல இருந்தது.

குழாயில் பெயிண்டில் ஏதோ எழுதியிருந்தது. அழுக்கு. ஏணியில் நின்று எழுத்துக்கூட்டினேன். ம. ச். சு. க். மச்சுக். கு. ழா. ய். மச்சுக் குழாய்!

யாரும் சொல்லித் தராமல், சுவரில் பெரியவர்கள் எழுதி வைத்த ஒன்றை நானே படித்தது இதுதான் முதல் தடவை. ஏணியில் நின்றபடியே கூவினேன். வடிவிடம் சொல்ல ஓடினேன். இரைச்சல்.

மச்சின் அசிங்கத்தைக் கீழே கொண்டுவர ஒரு குழாய் எதற்கு? மிச்சமிருந்த நுரை அத்தனையையும் முழங்கை ஆழத்துக்கு உள்ளே பீச்சினேன். மேலே பட்டி. அதன் மேல் ரப்பர். நாற்றம் நின்றது. வீடு சூடாகிறது. மச்சின் அந்தக் கோடியில் ஒரு பெட்டி, அதன் பக்கத்தில் காற்று நல்லதா கெட்டதா என்று காட்டும் முள்; அதையும் மச்சுக் கதவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். பச்சையில் நிற்கிறது. இன்று நிம்மதியாகத் தூங்குவேன்.

பதிவு 5
வெள்ளி, பிற்பகல். மணி 3 போல. உள்ளே 22.

தலைவலி. காலையிலிருந்து நெஞ்சு படபடக்கிறது. தண்ணீர் குடிக்காததால் என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தம்ளர் குடித்தேன். குறையவில்லை.

கடைசிச் சோதனைக்கு ஊதுபத்தி கொளுத்தினேன். எங்கேயும் புகை வளையவில்லை. நேராக எழுந்து உட்கூரையில் தட்டி நின்றது. எவ்வளவு நல்ல வேலை என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு வந்து பார்த்தேன். அந்தப் புகை அங்கேயே நிற்கிறது. போக வழியில்லை என்றால் வரவும் வழியில்லை.

ஏணியில் ஏறி, துணியை நனைத்துக் குழாயின் எழுத்தைத் துடைத்தேன். பிசுக்கு உரிந்து வந்தது. 'ம'வின் அடியில் ஒரு வால் இருந்தது. வளைந்து சுழித்த வால். நாற்பது ஆண்டு அழுக்கு அதை மூடியிருந்தது.

அது ம இல்லை. மூ.

மூச்சுக் குழாய்.

இப்போது புரிகிறது. மச்சின் கோடியில் இருக்கும் பெட்டிதான் கெட்ட காற்றைச் சுத்தம் செய்கிறது. நாம் விடும் மூச்சு ஓட்டை இடுக்கு வழியாக மேலே போய், ஈரத்தை அங்கே உதிர்த்துவிட்டு, பெட்டியில் புகுந்து சுத்தமாகி, இந்தக் குழாய் வழியாகத் திரும்பும். நாற்றம் குழாய் வாயில் இருந்த பிசுக்கின் நாற்றம். காற்று நல்ல காற்று. முள் பெட்டியின் பக்கத்தில் இருக்கிறது. மூச்சு விட ஆள் இல்லாத இடம் அது. அங்கே பச்சை காட்டாமல் வேறென்ன காட்டும்?

மச்சுக் கதவையும் சுற்றி நுரையால் ஒட்டிவிட்டேன், அது திறக்கவில்லை. கத்தியால் குழாயின் நுரையைச் செதுக்கினேன். கல். விரல் ஆழம் போனேன். கண் இருட்டி ஏணியோடு விழுந்தேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. இனி ஏற முடியாது. தரையில் கிடந்து கம்பால் விளக்கு ஓட்டைகளைக் குத்தினேன். ஒரு துணுக்குகூடப் பெயரவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. தூ.

கவச உருளைகள் எல்லாம் காலி. மச்சு நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நானே தீர்த்தேன். நிரப்பும் பொறியும் இந்த வீட்டுக் காற்றைத்தான் இழுக்கும்.

ஊரான் எச்சில் என்று குமட்டினேன். இப்போது நான் விட்டதை நானே இழுக்கிறேன். இழுத்ததை விடுகிறேன். மறுபடி இழுக்கிறேன். என் எச்சில்தான். இதைப் போல அருவருப்பை என் ஆயுளில் கண்டதில்லை.

பதிவு 6
சனி. கடிகாரத்தில் முள் நாலாகத் தெரிகிறது.

நான் போனால் போகிறேன். அவர்கள் நாளை வருவார்கள். பச்சை முள்ளைப் பார்ப்பார்கள். வீடு கதகதப்பாக இருக்கும். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அசதியில் படுப்பார்கள். எழுந்திருக்க மாட்டார்கள். கவசத்தோடு உள்ளே வந்து முதலில் குழாயை வெட்டித் திறந்தால் பிழைத்துக்கொள்வார்கள். இதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். வானொலி இல்லை. எனக்கு எழுத்து இருக்கிறது.

கற்று கனமாக இருக்கிறது. இல்லை, காற்று. கால் விட்டுப்போயிற்று.

தவழ்ந்து வாசலுக்குப் போனேன். உள்கதவில் ஒரு கண்ணாடி உண்டு. கதவைத் திறந்து அதன் வெளிப்பக்கத்தில் எழுதினால் வருகிறவர் முகத்துக்கு நேரே இருக்கும். பெரிய எழுத்தில் மூன்று சொல்தான் பிடிக்கும். பென்சில் அதில் பதியவில்லை. மச்சிலிருந்து தள்ளிய கறுத்த பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் பிசைந்து விரலால் தொட்டு எழுதினேன். விரலெல்லாம் முடியும் சளியும். வாந்தி வந்தது. துடைத்துவிட்டு எழுதினேன். சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றேன். வெகுநேரம் ஆயிற்று. நடுவில் தூங்கிவிட்டேன் போல.

முடித்துவிட்டேன். அழகாக வந்திருக்கிறது. இத்தனை நேரான வரி நான் எழுதியதே இல்லை. உரக்கப் படித்துப் பார்த்தேன்.

தலைக்கவசம் கழற்ற வேண்டும்

கடைசிச் சொல்லில் வடிவு எப்போதும் குறை கண்டுபிடிப்பாள். அதனால் எழுத்து எழுத்தாகத் தொட்டு எண்ணினேன். வே. ண். டு. ம். நான்கும் இருக்கின்றன. ஒன்றும் விட்டுப்போகவில்லை.

இனி பயமில்லை. தலைவலிகூட இல்லை. தூக்கம்தான் வருகிறது. எழுத இன்னும் ஆசையாக இருக்கிறது, விரல்தான் மடங்க மாட்டேன் என்கிறது. நாளை அவர்கள் வரட்டும். லிங்கபுஷ்பம் இட்லி அவிக்கட்டும், மச்சுத் தண்ணீரானாலும் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறேன். மீதிக் கதையை அடுத்த வாரம் நிதானமாக உட்கார்ந்து, இதைவிட நல்ல கையெழுத்தி