நாற்பத்தோராம் பக்கத்து வாக்கியம்

மயூர் விஹார், தில்லி
17 நவம்பர் 1998, செவ்வாய்க்கிழமை
முற்பகல் 10.20

கடிதம் எண்: 6/1998
பொருள்: தாங்கள் எழுதி வெளியிட்ட ஆங்கிலச் சொற்பொருள் நூல், பக்கம் 41

திரு. ரங்கராஜன் அவர்களுக்கு,

'அன்புள்ள ரங்கா' என்று தொடங்காததைக் கவனித்திருப்பாய். வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். 'தாங்கள்' என்றே கடிதம் முழுவதையும் எழுதி முடிக்க எண்ணியிருந்தேன். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் பதினோரு வருடம் எதிர்வீட்டில் இருந்தவனுக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. அதனால் கோபம் குறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

நீ திருச்சியிலிருந்து அனுப்பிய பத்துப் பிரதிகளும் 19.10.1998 அன்று வந்து சேர்ந்தன. ஒரு சொல், எளிய ஆங்கிலத்தில் அதற்கான பொருள், அதன் கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் என்ற அமைப்பு நன்றாகவே இருக்கிறது. வாக்கியங்களில் தில்லி நண்பர்களின் பெயர்களைப் போடலாமா என்று சென்ற ஆண்டு நீ கேட்டபோது, எல்லோரும் பூரித்துப்போய்ச் சம்மதித்தோம். 'சோம்பேறி' என்ற சொல்லுக்குத் தன் பெயர் வந்திருப்பதை மோதி பாக் குடியிருப்பு முழுவதும் காட்டிவிட்டு வந்தான் சேஷன். 'கஞ்சன்' என்பதற்குக் கீழே தன்னைக் கண்ட விஸ்வநாதன், "உண்மையைத்தானே எழுதியிருக்கான்" என்று சிரித்தான். 'நேரந்தவறாத' என்ற சொல்லுக்கு, கல்யாணராமன் ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருப்பார் என்று எழுதியிருக்கிறாய். ஓய்வு பெறும்வரை நான் எட்டு ஐம்பதுக்கே இருந்தேன். போகட்டும், அதைப் பற்றி எழுத வரவில்லை.

வைதேஹி சனிக்கிழமை பிற்பகல்களில் நம் வீட்டுக் கூடத்தில் வகுப்பு நடத்துவதை முன்பே எழுதியிருந்தேன். இங்கே ஃபிளாட்டுகளில் வேலை செய்யும் நம்மூர்ப் பெண்கள் ஆறேழு பேர் வருகிறார்கள். எசமானியம்மாக்கள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் சீட்டெழுதி ஒட்டிவிட்டு ஆபீசுக்குப் போய்விடுகிறார்கள். அதைப் படிக்கத் தெரியாததால் இவர்கள் வாங்கும் ஏச்சு கொஞ்சமில்லை. பிரதிகளைப் பார்த்ததும் வைதேஹி அட்டை போட்டு, ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். உன் நூலை இவ்வளவு மரியாதையாக வேறு யாரும் வைத்திருக்கமாட்டார்கள்.

7.11.1998, சனிக்கிழமை. பக்கம் 41. விழுப்புரத்துப் பெண் அம்பிகாவின் முறை. 'சைல்ட்லெஸ்' என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். பொருளைத் தாண்டி நேராக வாக்கியத்துக்குப் போய்விட்டாள். அதில் தெரிந்த பெயர் ஒன்று இருந்ததுதான் காரணம். "அம்மா! உங்க பேரு புக்குல வந்திருக்குதும்மா!" என்று கத்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த நானும் எழுந்து வந்தேன், எனக்கும் பெருமைதான். பிறகு செல்லம்மாள், "பேரு சரி, என்னான்னு போட்டிருக்குது?" என்று கேட்டாள். அம்பிகா பொருளைப் படித்தாள்: மகனோ மகளோ இல்லாத. அதன்பின் வாக்கியத்தை மறுபடி படித்தாள். வைதேஹி பிள்ளையில்லாதவள்.

தட்டிய கைகள் அப்படியே நின்றுவிட்டன. செல்லம்மாள் கேட்டதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன், ஏனெனில் அது உன்னைச் சேர வேண்டியது: "எந்தக் கட்டையில போறவன்மா இத எழுதினான்?"

வைதேஹி, "சரி, அடுத்த வார்த்தையைப் படி" என்றாள். வகுப்பை முடித்து, டீ போட்டுக் கொடுத்து, அவர்களை அனுப்பிவிட்டுத்தான் உள்ளே போய்ப் படுத்தாள். நான் உன்னைத் திட்டித் தீர்த்தேன். அவள் சுவரைப் பார்த்தபடி, "ரங்கராஜனுக்கு மறந்துடுத்து போலிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

சென்ற சனிக்கிழமை வகுப்பு நடக்கவில்லை. பெண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். தலைவலி என்று சொல்லச் சொன்னாள். அம்பிகா வாசலிலேயே நின்றுகொண்டு, "எங்க மேல கோவமாம்மா? அந்த எடத்த எல்லார் புக்குலயும் மை போட்டு அடிச்சிட்டோம்மா, வாங்கம்மா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு வைதேஹி என்னிடம் கேட்டாள்: "அடிச்சுட்டா ஆச்சா?"

நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். பெயர்களை வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தேன், யோசிக்கவில்லை என்பாய். உண்மையைத்தானே எழுதினேன் என்றுகூட நினைப்பாய். இந்த இரண்டாவதுதான் என்னால் பொறுக்க முடியாதது. பாலம், மழை, குடை என்று ஆயிரம் சொற்களுக்கு வாக்கியம் கட்டியவனே, இந்த ஒரு வாக்கியம் பொய். அது பொய் என்று தெரிந்தவர்கள் உயிரோடு இருப்பது மூன்று பேர். அதில் ஒருவன் நீ.

எங்கள் குழந்தை பிறந்தது 12.9.1966, திங்கட்கிழமை. போனது 20.9.1966, செவ்வாய்க்கிழமை. பதினோராம் நாள் புண்ணியாஹவாசனத்தன்று பெயரிடுவதாக இருந்தோம். அதற்குள் போய்விட்டதால் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் எந்தப் பதிவிலும் ஒழுங்காக ஏறவில்லை. அத்தனை சிறிய குழந்தைக்குக் காரியமும் கிடையாது என்று வாத்தியார் சொல்லிவிட்டார். யமுனைக் கரைக்கு டாங்கா வண்டியில் போனோமே, ரங்கராஜன், அந்தத் துணி யார் மடியில் இருந்தது? நீதான் என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டாய். திரும்பி வரும்போது உன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தாய். இதையுமா மறந்தாய்?

அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்கிறேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வாழைப்பழத்தோடு வந்தாய். குழந்தை வீரிட்டு அழுதது. நீ விறைப்பாக நின்று சலாம் வைத்து, "மேடம் கூப்பிடறார், ஃபைலை எடுத்துண்டு ஓடுங்கோ" என்றாய். தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று வைதேஹி கெஞ்சினாள். அதன்பின் ஒவ்வொரு மாலையும் வந்து, "மேடம் இன்னிக்கு என்ன உத்தரவு போட்டார்?" என்று கேட்டாய். அந்தக் குழந்தையை எவராவது ஏதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்றால், அது அந்த ஒன்றுதான்.

ஊரும் உறவும் வைதேஹியைப் பிள்ளையில்லாதவள் என்று சொல்லாத வருடமில்லை. சீமந்தங்களில் அவளை ஓரமாக உட்கார வைத்தவர்கள் நம் குவார்ட்டர்ஸிலேயே இருந்தார்கள். பின்னால் வந்தவர்கள், அவர்களுக்குத் தெரியாது என்று சொல்லி அவள் பொறுத்துக்கொண்டாள். தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் பொறுத்தாளோ என்று இப்போது தோன்றுகிறது. அந்தத் தெரிந்தவன் அதையே அச்சில் போட்டு, பத்துப் பிரதி அனுப்பி, உள்ளே 'அன்புடன்' என்று கையெழுத்தும் போட்டிருக்கிறான்!

தை மாதத்தில் இரண்டாம் பதிப்பு என்று 2.11.1998 தேதியிட்ட உன் கடிதத்தில் இருக்கிறது. நல்லது. 41ஆம் பக்கத்தில் எந்த மனிதரின் பெயரும் வேண்டாம். வாக்கியமே இல்லாவிட்டாலும் மொழி கெட்டுவிடாது. 58ஆம் பக்கத்தில் 'மகள்' என்ற சொல்லுக்கு விஸ்வநாதனின் மூன்று பெண்களைப் போட்டிருக்கிறாய். அங்கே போட வேண்டிய வாக்கியத்தை இணைத்திருக்கிறேன். விஸ்வநாதனிடம் பேசிவிட்டேன். காரணம் கேட்காமலே சம்மதித்தான்.

ஆனால் அது பிறகு. அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதை நான் உத்தரவாகச் சொல்ல முடியாது. மன்னிப்புக் கேட்டு எனக்கு எழுதாதே, நான் பிரித்துப் படிக்கமாட்டேன். வைதேஹிக்கு எழுது. விளக்கம் எதுவும் வேண்டாம். மேடம் என்ற அந்தச் சொல்லை அவள் கண்ணில் படும்படி ஒருமுறை எழுது. நான் முப்பத்திரண்டு வருடமாகச் சொல்ல முயன்று பார்க்கிறேன், என் வாயில் வரவில்லை. நீ சொன்னால்தான் அது பெயர்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வெங்காயம் கண்ணில் படுவதில்லை. உனக்கு மூச்சுத் திணறல் எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூடாது என்றிருந்தேன், கேட்டுவிட்டேன். காவிரிக் காற்றில் இரவு வெளியே உட்காராதே. வரும் சனிக்கிழமைக்குள் உன் கடிதம் வர வாய்ப்பில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை கூடத்தில் வகுப்புக்குப் பாய் விரித்திருக்க வேண்டும், ரங்கா. நீ நெடுநாள் இருக்க வேண்டும். அந்தக் குழந்தையைப் பார்த்த கண்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

இப்படிக்கு,
கல்யாணராமன்

இணைப்பு:
1. உன் நூலின் 41ஆம் பக்கம், என் பிரதியிலிருந்து கிழித்தது.
2. 58ஆம் பக்கத்துக்கான வாக்கியம், வைதேஹியின் கையெழுத்தில்: 'எனக்கு ஒரு மகள் இருந்தாள்.'
3. திருமதி வைதேஹி கல்யாணராமன் என்று விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்று. உள்ளே ஒன்றும் இல்லை.