புரோட்டியாவுக்கு எரு போடமாட்டேன்

அக்கா,

இன்று காலை தோட்டத்தில் பக்கத்துத் துண்டு நிலத்துக்காரர் ஒரு வண்டி மாட்டெரு இறக்கினார். வாசம் மூக்கில் ஏறியதுமே உங்கள் குரல் கேட்டது: “அதை என்ரை பக்கம் கொண்டு வராதை.”

ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் ஷிப்ட் முடிந்ததும் இருவரும் நேரே லண்டன் பார்க்கிங் (Barking) பகுதியில், கவுன்சில் துண்டு துண்டாக வாடகைக்கு விடும் தோட்டத்துக்குத்தான் போவோம். எல்லோரும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் நட, நீங்கள் மட்டும் மணலும் சரளைக்கல்லும் சுமந்து வந்து கொட்டினீர்கள். கடையில் வாடிக் கழிபட்டுக் கிடந்த இரண்டு புரோட்டியாச் செடிகளுக்காக. தென்னாபிரிக்க மலைச்சரிவில், சத்தே இல்லாத மண்ணில் வளரும் புதர் அது என்றீர்கள். ஒன்றை எனக்குத் தந்தீர்கள். நான் ஆசையோடு எலும்புத்தூள் போட்டேன். மூன்று கிழமையில் இலை கருகிச் செத்தது.

“பட்டினியிலை வளந்ததுக்கு விருந்து வைச்சுச் சாகடிச்சுப்போட்டாய்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனாலும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு உங்களுக்குப் புற்றுநோய் வருத்தம் வந்தது. அதே மாதம் தோட்டக் கமிட்டியின் கடிதமும் வந்தது: வெறும் கல்லாய்க் கிடக்கும் துண்டைத் திருத்துங்கள், அல்லது ஒப்படையுங்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தீர்கள். “உடம்புக்கு முடியாத நேரத்தில் ஏன் சிரமம்?” என்று செயலாளர் இரக்கத்தோடுதான் கேட்டார். “செடியைப் பற்றிக் கேளுங்கள், என் உடம்பைப் பற்றி வேண்டாம்” என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னீர்கள். ஒரு வருடத் தவணை கிடைத்தது.

உங்கள் செடி மொட்டு வைத்தபோது நீங்கள் வார்டில் இருந்தீர்கள். வெட்டிக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம். பாக்கவேணுமெண்டா நான் வாறன்.”

நீங்கள் வரவில்லை. சாப்பாட்டுத் தட்டளவு பூ, இளஞ்சிவப்பு, ஆறு கிழமை வாடாமல் நின்றது. செத்தவீட்டுக்குக்கூட நான் அதை வெட்டவில்லை. சனம் ஏதோ கதைத்தது. கதைக்கட்டும்.

உங்கள் துண்டை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். இந்த வருடமும் அதே கமிட்டிக் கடிதம் வந்தது. முன்பெல்லாம் ஆங்கிலக் கடிதம் என்றால் பிரிக்காமலே உங்களிடம் தந்துவிடுவேன். நீங்கள்தான் வாசித்துச் சொல்வீர்கள். இதை நானே சமையலறையில் நின்று பிரித்தேன், இரண்டு தரம் வாசித்தேன். செடியைப் பிடுங்கமாட்டேன் என்று நானே பதில் எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கும். திருத்த ஆள் இல்லை, அக்கா. அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.