ஓரமாக ஒரு கட்டில்

மார்ச் 3

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்களும், உங்கள் டிரைவிங் ஸ்கூலும், அதில் மாட்டிக்கொண்ட அப்பாவிகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இந்தக் காலத்தில் யாரடா கடிதம் போடுவது என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். என்ன செய்வது? என் போனைச் சரிபண்ணித் தருவது என் பையன். உங்கள் போனைச் சரிபண்ணித் தருவது உங்கள் பெண். இரண்டுக்கும் பூட்டுப் போட்டவர்கள் அவர்கள்தான். அப்படியிருக்க, நாம் இரண்டு பேர் மனம்விட்டுப் பேச தபால்காரரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பிள்ளைகள் ஆப்பிரிக்கா போகிறார்களாம். முதலில் காட்டில் சஃபாரி, பிறகு கடற்கரையில் ஓய்வு. தங்குவது கூடாரத்தில் என்றார்கள். ஐயோ பாவம் என்று நினைத்தேன். படத்தைப் பார்த்தால் என் வீட்டைவிடப் பெரிதாக இருக்கிறது. சோபா, அலமாரி, தரைவிரிப்பு எல்லாம் உண்டு. வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் ஆற்றில் யானை குளிக்குமாம்.

அதில் ஒரு விஷயம் என் காதில் விழுந்தது. பெரிய கட்டிலைத் தவிர, திரைக்கு அந்தப் பக்கம் ஓரமாக இன்னொரு கட்டிலும் இருக்கிறதாம். போகிறவர்கள் கணவனும் மனைவியும். அப்புறம் அந்தக் கட்டில் யாருக்கு? எனக்கு எதுவும் தெரியாது. பல் டாக்டர் வீட்டு வாசலில் டோக்கன் கொடுக்கிறவளுக்கு என்ன தெரியும்? சும்மாதான் கேட்கிறேன், நீங்கள் சமீபத்தில் தொப்பி ஏதாவது வாங்கினீர்களா?

இடது தோள் வலிக்கிறது, அதனால் இத்தோடு நிறுத்துகிறேன். ஏதோ ஊசி போட்டுக்கொண்டேன். வயதானால் சத்து வேண்டுமே.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள்

---

மார்ச் 10

அன்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. படித்தேன். மறுபடி படித்தேன். பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்த்தே பழகிய கண், எதையும் ஒரு தடவை பார்த்து நம்பாது.

ஓரக் கட்டிலா? எனக்கு அது புதுச் செய்தி. ஹோட்டல்காரர்கள் பெட்டி வைக்கப் போட்டிருப்பார்கள். நான் எதற்குத் தொப்பி வாங்கப் போகிறேன்? நாளெல்லாம் காரில் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் படிக்கிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பிரேக் அக்கா. அவர்கள் மிதிப்பதற்கு முன்னால் என் பக்கத்து பிரேக்கை நான் மிதித்துவிடுகிறேனாம். இப்படிப்பட்டவளை யார் ஆப்பிரிக்கா கூட்டிப்போவார்கள்? ஜீப் நகராதே!

புதிதாக நீச்சல் கற்றுக்கொள்கிறேன். முழங்காலுக்காக. வேறு காரணம் எதுவும் இல்லை. முதல் நாள் குளத்தில் இறங்கினதும் பழக்கதோஷத்தில் காலால் பிரேக்கைத் தேடினேன், மூழ்கிப் போனேன்.

அது இருக்கட்டும், சத்து ஊசி என்றீர்களே, எங்கள் டாக்டர் சத்துக்கு மாத்திரைதான் தருகிறார். ஊசிக்குப் பெயர் என்ன என்று எழுதுங்கள், நானும் போட்டுக்கொள்கிறேன். அப்புறம், நீல நிறத் துணி போட்டால் காட்டில் ஒரு மாதிரி ஈ தேடி வந்து கடிக்குமாமே, நிஜமா? என்னிடம் கார் கற்றுக்கொள்ளும் ஒரு பையன் கேட்டான்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைப் பெற்றவள்

---

மார்ச் 17

அன்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

கார் கற்றுக்கொள்ள வருகிற பையனுக்குக் காட்டு ஈயைப் பற்றி என்ன கவலை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அன்று டோக்கன் எண் மாறிப்போய், பல் சுத்தம் செய்துகொள்ள வந்தவரைப் பல் பிடுங்கும் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டேன். அவர் பாவம், கடைசிவரை எதுவும் சொல்லவில்லை. வாய் திறந்திருந்தது.

நம் குடும்பக் குரூப்பில் உங்கள் பெண் ஒரு போட்டோ போட்டிருந்தாள். நீங்கள் காருக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன் (இதைக் கற்றுக்கொடுத்தது என் பையன், அவனுக்கு நன்றி). வண்டியின் பக்கக் கண்ணாடியில் அகலமான தொப்பி ஒன்று தொங்குகிறது. விலைச்சீட்டைக்கூட இன்னும் பிய்க்கவில்லை. அது யாருடையது? காருக்கு வெயில் தாங்கவில்லையா?

இதெல்லாம் உங்கள் சொந்த விஷயம். ஆனாலும் ஒரு நல்லெண்ணத்தில் சொல்கிறேன். சக்கரம் வைத்த உங்கள் சிவப்புப் பெட்டியை எடுத்துப்போகாதீர்கள். காட்டுக்குள் போகிற குட்டி விமானத்தில் அது ஏறாது, துணிப் பைக்குத்தான் அனுமதி. பிறகு விமான நிலையத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

---

மார்ச் 22

சம்பந்தி அம்மாவுக்கு,

வசமாக மாட்டிக்கொண்டீர்கள்!

குட்டி விமானத்தில் பெட்டி ஏறாது, துணிப் பைதான் என்பது பயணம் போகிறவர்களுக்கு மட்டும் டிராவல்ஸில் அனுப்புகிற தாளில் இருக்கிற விஷயம். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எனக்கும் வந்திருக்கிறது அந்தத் தாள். ஆமாம், தொப்பி என்னுடையதுதான். ஆமாம், நீச்சல் அந்தக் கடலுக்காகத்தான். "அம்மா, ஓரமா ஒரு கட்டில் இருக்கு, வர்றியா? அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்று என் பெண்தான் கூப்பிட்டாள். உங்கள் சத்து ஊசி என்ன ஊசி என்பதும் புரிந்துவிட்டது. ஆப்பிரிக்கா போகிறவர்கள் போட்டுக்கொள்கிற மஞ்சள் காய்ச்சல் ஊசி! கூப்பிட்ட அன்றைக்கே ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டீர்களா? அவ்வளவு அவசரமா?

உங்கள் பையன் உங்களை எப்போது கூப்பிட்டான், அதை என் பெண்ணிடம் சொன்னானா என்பதெல்லாம் அவர்கள் பாடு. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுக்க முடியாது. யார் படுப்பது?

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமானதிலிருந்து என் பெண் சிக்னலில் நிற்கும்போதுதான் என்னைக் கூப்பிடுகிறாள். பச்சை விழுந்ததும் "சரிம்மா, வெச்சிடறேன்." அந்த ஊரில் சிவப்பு விளக்கு இன்னும் கொஞ்ச நேரம் எரியக்கூடாதா என்று வேண்டிக்கொள்கிற ஒரே டிரைவிங் மாஸ்டர் உலகத்திலேயே நான்தான். எனக்கு யானையும் வேண்டாம், சிங்கமும் வேண்டாம். அவளோடு ஒரு வாரம், பச்சை விழாத இடத்தில் இருக்க வேண்டும். விட்டுத்தர மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

---

ஏப்ரல் 2

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, பதிலுக்குச் சுடச்சுட ஒன்று எழுதிக் கிழித்துப் போட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது. "அவசரமா" என்று கேட்டதற்கு நான் கொடுத்த பதிலை நீங்கள் வாழ்நாளில் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் அந்த சிவப்பு விளக்கு விஷயம் என்னை விடவில்லை. என் பையன் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது கூப்பிடுவான். "அம்மா, லிஃப்ட் வந்துடுச்சு." அவன் அலுவலகம் மேல்மாடியில் இருப்பதால் எனக்குக் கொஞ்சம் அதிக நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்களே போய்வாருங்கள். டோக்கனை மாற்றிக் கொடுப்பது எனக்குப் பழகிய வேலை. ஒட்டகச்சிவிங்கி என்றால் பயம், வரமாட்டேன் என்று பையனிடம் சொல்லிவிட்டேன். நிஜத்தில் எனக்கு அதைப் பார்க்கத்தான் ரொம்ப ஆசை. பரவாயில்லை, நீங்கள் பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்தவள் கழுத்தை நீட்டினால் பார்த்துச் சொல்வதில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா

---

ஏப்ரல் 2

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களை "அவசரமா" என்று கேட்டிருக்கக் கூடாது. கூப்பிட்ட அன்றைக்கே ஓடிப்போய் ஊசி போட்டுக்கொள்கிறவளுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! நான் வாங்கியது தொப்பிதானே, அதை இங்கேயே போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொண்ட ஊசி இங்கே எதற்கு உதவும்?

நீங்களே போங்கள். என் குறட்டை சத்தத்துக்குச் சிங்கமே எழுந்து வேறு காட்டுக்குப் போய்விடும், அதனால் வரவில்லை என்று பெண்ணிடம் சொல்லிவிட்டேன். உங்கள் குறட்டை எப்படி என்று தெரியாது. கல்யாண மண்டபத்தில் கேட்டவரை சுமார்தான்.

அன்புடன்,
உங்கள் மருமகளின் அம்மா

---

ஏப்ரல் 11

அன்புச் சம்பந்திக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் கடந்துபோயிருக்கின்றன. நான் போட்டு ஒரு வாரம் கழித்து உங்களுடையது வந்தது. முதலில் எனக்குச் சந்தேகம்தான். என் கடிதத்தைப் படித்துவிட்டுத் பழைய தேதியைப் போட்டிருப்பீர்களோ என்று உறையில் இருந்த தபால் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மன்னியுங்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்களை எப்படியாவது அனுப்பிவைத்துவிட வேண்டும் என்று டிராவல்ஸுக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு சின்னப்பெண்.

"அந்த ஓரக் கட்டிலை மாப்பிள்ளையோட அம்மா பேருக்கு மாத்தணும்மா."

"எந்த ஓரக் கட்டில் மேடம்?"

"கூடாரத்துல, திரைக்கு அந்தப் பக்கம் இருக்குமே."

"திரையா? அது ஜோடிகளுக்கான டென்ட் மேடம். குளியல் தொட்டியே வெளியில வானத்தைப் பாத்து இருக்கும். ஜனவரியிலயே ரெண்டு பேருக்குத்தான் புக் பண்ணாங்க. மூணாவது ஆளை நாங்களே விடமாட்டோம்."

போனை வைத்துவிட்டேன்.

பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டம் சம்பந்தி. தங்களுக்கு வந்த டிராவல்ஸ் தாளையே நமக்கும் அனுப்பி நம்பவைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கா போகிறோம் என்று சொன்னதும் நான் போனில் பெருமூச்சு விட்டேன். நீங்களும் விட்டிருப்பீர்கள். வராதே என்று சொன்னால் நாம் அழுவோம். அதனால் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள், இன்னொருத்தியிடம் சொல்லாதே என்றார்கள். சொல்லாதே என்றால் நாம் என்ன செய்வோம்? மோப்பம் பிடிப்போம், சண்டை போடுவோம், கடைசியில் பெரிய மனுஷி என்று காட்ட ஆளுக்கொரு பக்கம் விலகிக்கொள்வோம். நம்மைப் பெற்றவர்களுக்குக்கூட நம்மை இவ்வளவு தெரியாது. நாம் பெற்றதுகளுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் வரவில்லை என்று சொன்னபோது என் பெண் "அடடா" என்றாள். மழையால் இன்றைக்கு லைசென்ஸ் டெஸ்ட் இல்லை என்று சொன்னால் என் மாணவர்கள் சொல்கிற அதே "அடடா".

இளம் ஜோடி படுக்கிற கூடாரத்துக்குள் அம்மாவைக் கூப்பிடுவார்களா என்று நம் இரண்டு பேரில் ஒருத்திக்காவது தோன்றியதா பாருங்கள். அதை நினைத்தால்தான் எனக்கு அவமானமாக இருக்கிறது.

உங்கள்,
பிரேக்

---

ஏப்ரல் 18

அன்புள்ள பிரேக்,

முத்திரையைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தே பார்த்தேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று எனக்கு அழுகை வந்தது. பையனின் போனை எடுக்கவே இல்லை. அடுத்த நாள் எடுத்து, பேசாமல் இருந்தேன். "அம்மா? அம்மா?" என்றான். அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது. கோபத்தைக் காட்டுவதற்குக்கூட அவன் கட்டடம் எனக்கு நேரம் தருவதில்லை. ஒட்டகச்சிவிங்கி என்றால் பயம் என்று அன்றைக்கு நான் சொன்னபோது அவன் குரல் எப்படி இருந்தது என்று இப்போது ஞாபகம் வருகிறது. பல்லைப் பிடுங்க வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் நோயாளி நன்றி சொல்வாரே, அதே குரல்.

ஆனால் ஒன்று. கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் சினிமாவுக்குப் போனால் என் மாமியாரும் வருவார். வந்து நடுவில் உட்காருவார். அவருக்குக் காலில் சுளுக்கு விழ வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. என் மருமகள் என்னிடம் பொய்தான் சொன்னாள், சுளுக்கு வேண்டவில்லை. அந்தவரைக்கும் தங்கமான பெண். நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்.

அதனால் அவர்கள் தனியாகப் போகட்டும். ஆனால் போட்ட ஊசியை உடம்பிலிருந்து எடுக்க முடியுமா? நீங்கள் தொப்பியின் விலைச்சீட்டை எப்போது பிய்க்கப் போகிறீர்கள்? அந்த டிராவல்ஸ் பெண்ணிடம் கேளுங்கள், ஓரக் கட்டில், நடுக் கட்டில் எல்லாம் வேண்டாம், இரண்டு தனிக் கட்டில் போட்ட கூடாரம் கிடைக்குமா என்று. கடைவாய்ப் பல் கட்ட வைத்திருந்த பணம் இருக்கிறது. சிங்கம் பார்க்க எனக்குப் பல் எதற்கு? சிங்கத்துக்கு இருந்தால் போதும்.

அன்புடன்,
டோக்கன்

---

மே 2

அடியே டோக்கன்,

நீங்கள், வாருங்கள் எல்லாம் இனிமேல் பிள்ளைகள் முன்னால் மட்டும். பயணச் செலவுக்காகப் பயிற்சி வண்டிகளில் பழசை விற்றுவிட்டேன். அதில் என் பக்கத்து பிரேக்தான் தேய்ந்திருந்தது, மற்றபடி புதுசு மாதிரி.

நமக்குக் கூடாரம் கிடைத்துவிட்டது. இரண்டு கட்டில், நடுவில் மேசை, குளியலறைக்குக் கதவு உண்டு, கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அவர்கள் இருக்கிற முகாம் வேறு, நமது வேறு. தேதி மட்டும் ஒன்று. வேறு தேதியில் இடமே இல்லை என்று டிராவல்ஸ் பெண் சொன்னாள். நான் வேறு தேதி கேட்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டியதில்லை. நடுவில் ஒரு ஆறு ஓடுகிறது, அவ்வளவுதான். கடற்கரைக்கு மட்டும் நாம் வேறு ஊர். அங்கேயும் போய் உட்கார்ந்தால் பாவம், சுளுக்கு வேண்டிக்கொள்வார்கள்.

பிள்ளைகளிடம் மூச்சு விடக்கூடாது என்று டிராவல்ஸ் பெண்ணிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். துணிப் பை, காக்கி உடை, நீலம் கூடாது. பைனாகுலர் ஒன்று போதும். காலையில் நீ ஒட்டகச்சிவிங்கியைப் பார், சாயங்காலம் நான் அந்தக் கரையைப் பார்க்கிறேன். கடைசி நாள் மட்டும், அவர்கள் யானை பார்க்க ஆற்றங்கரைக்கு வரும்போது, எழுந்து நின்று ஒரு தடவை கையாட்டுவோம். யானை மிரளாமல் இருந்தால் சரி.

நேற்று என் பெண் கூப்பிட்டாள். சிக்னல் இல்லை, வீட்டிலிருந்தே கூப்பிட்டாள். குற்ற உணர்ச்சி போலிருக்கிறது. நிறைய நேரம் பேசினாள், பச்சை விழவே இல்லை. கடைசியில், "அம்மா, அங்க காட்டுல போன் எடுக்காதும்மா. அவசரம்னாகூட என்னைக் கூப்பிட முடியாது. நீ பயப்படாம இருப்பியா?" என்றாள்.

"அதுக்கென்ன கண்ணு, நல்லா இருந்துட்டு வா" என்றேன். "அப்படியே அவசரம்னா கொஞ்சம் சத்தமாக் கூப்பிட்டுக்கறேன்."

சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

உன்,
பிரேக்