உன் மகள் உட்கார்ந்தே இருக்கிறாள்

என் செல்விப் புள்ளைக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே. முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறேன். நீ கண்ணை மூடி இரண்டு தீபாவளி போய்விட்டது. இன்றைக்குப் போல உன்னை நான் எந்த நாளும் தேடவில்லை. சிரம்பானில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நம் மகள் தர்ஷினி இன்னும் கொஞ்ச நேரத்தில் பளு தூக்கப் போகிறாள். மாநிலக் குழுவுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, புள்ள. வரும் வழியில் புக்கிட் பெலண்டோக்கில் வாங்கிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரிக்காமலே மடியில் கிடக்கிறது.

மற்ற பிள்ளைகள் எல்லாம் குதிக்கிறார்கள், ஓடுகிறார்கள், கையைச் சுழற்றுகிறார்கள். உன் மகள் வெறும் கம்பியைக் கொஞ்சம் தூக்கினாள், லேசான எடையை ஒரு தரம் தூக்கினாள், அதோடு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மைலோ குடிக்கிறாள். யாரைப் போல என்று நான் சொல்ல வேண்டுமா?

தோட்டத்து விளையாட்டு விழாவில், கயிறு இழுக்கும் போட்டிக்கு முன்னால் நீ இப்படித்தானே உட்கார்ந்திருப்பாய். உன் அணிப் பெண்கள் திடலைச் சுற்றி ஓட, நீ மட்டும் செம்பனை நிழலில் காலை நீட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிப்பாய். "ஓடுனா என் பலமெல்லாம் வேர்வையோட போயிரும் லா, நீங்க ஓடுங்க" என்பாய். வேலையாட்களை மேய்க்கும் மண்டோரின் பெண்சாதி உன்னைச் சோம்பேறி என்று திட்டும். அப்புறம் கயிற்றின் கடைசியில் நீ நின்றுவிட்டால் யாராலும் அசைக்க முடியாது. ஒரு வருஷம் அந்தம்மா விடாப்பிடியாக உன்னையும் ஓட வைத்தது. அன்றைக்குத்தான் உங்கள் அணி தோற்றது. நினைவிருக்கிறதா?

எனக்கோ என் தோள்தான் நினைவுக்கு வருகிறது. நான் வேறு மாதிரி உடம்பு. குட்டைச் செம்பனைகளில் நாலு பழக்குலை வெட்டி, உடம்பு சூடேறினால்தான் எனக்குக் கை வரும். அந்த மழைக்காலக் காலையில் எடுத்த எடுப்பில் உயரமான மரத்துக்கு நேராகக் கழி அரிவாளைத் தூக்கினேன். தோளுக்குள் என்னவோ அறுந்தது எனக்கே கேட்டது. அன்றிலிருந்து இடது கை காதுக்கு மேல் போகாது. குலை வெட்டுவதை விட்டுப் போர்டிக்சனில் ஜாகா வேலைக்கு வந்து காவல் காப்பதும் அதனால்தானே. எத்தனை மாதம் நீ எனக்குச் சட்டை மாட்டிவிட்டிருப்பாய்.

அப்படிப்பட்ட தோளை வைத்துக்கொண்டு, சூடேறாத பிள்ளை தலைக்கு மேல் இரும்பைத் தூக்குவதை எப்படிப் பார்ப்பது?

போன வாரம் அவளுடைய கோச்சிடம் சண்டைக்கே போய்விட்டேன். "எல்லாரும் ஓடுறாங்க, என் மகள மட்டும் ஏன் உக்கார வைக்கிறீங்க? சதை கிழிஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றேன். அந்தப் பெண் கோபப்படவில்லை.

"பல நாள் மாத்தி மாத்திப் பண்ண வச்சுப் பாத்துட்டேன், அங்கிள். வாம்-அப் பண்ணா சதை முழிச்சுக்கும், கூடவே களைச்சும் போகும். இதுல எது ஜாஸ்தின்னு ஆளுக்கு ஆள் மாறும். ஒருத்திக்கு நல்லா ஓடுனாதான் தூக்குற எடை ஏறுது. இன்னொருத்திக்கு எப்படிப் பண்ணாலும் ஒண்ணுதான். தர்ஷினி நிறையப் பண்ணுனா எடை இறங்கிப் போகுது. அதுக்காக சும்மா விடல, அவளுக்குப் போதுமான அளவு பண்ண வைக்கிறேன்."

புரிந்தது. பயம் மட்டும் போகவில்லை. கோச் கணக்கு தப்பாக இருந்தால்? நீ இருந்திருந்தால் அவள் தோளைப் பிடித்துப் பார்த்துச் சொல்லியிருப்பாய். நான் யாரைப் போய்க் கேட்பேன்?

இப்போதுதான், பொறுக்க முடியாமல் அவளிடம் போனேன்.

"ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வாம்மா. அப்பாவுக்காக."

"உங்களுக்காக நான் ஓடுனா, எனக்காக யாருப்பா தூக்குவா?" என்றாள். சிரிக்கவில்லை. பிறகு என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "நான் தூக்கறப்ப கண்ண மட்டும் மூடாதீங்கப்பா. நீங்க மூடுனா எனக்கும் பயம் வந்துருது" என்றாள்.

பயிற்சியின்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றேன், புள்ள. அந்த இரும்போடு நின்றுகொண்டு அவள் என்னைப் பார்த்திருக்கிறாள்.

கூப்பிட்டுவிட்டார்கள். "தர்ஷினி அனாக் பெரம்புவான் முனியாண்டி." முனியாண்டியின் மகள் என்று மலாயில் கூப்பிடுகிறார்கள்; அவள் பெயருக்குப் பின்னால் வருவது என் பெயர். தோள் உன்னுடையது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள், இங்கேதான் பார்க்கிறாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், செல்வி, கண்ணை மூட மாட்டேன். கம்பி தரைக்கு வரும்வரை பயந்துகொண்டே பார்ப்பேன். இதற்கு மேல் எழுதினால் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் மகளின் அப்பா,
முனியாண்டி