உயிரோடிருப்பவனுக்கு ஒப்பாரி

பதுளை,
2024 பெப்ரவரி 11

விஜயலெட்சுமிக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். கட்டிய மனைவிக்கு இதை எழுதித் தெரிவிக்கும் கேவலத்துக்கு என்னை ஆளாக்கிவிட்டாய்.

ரொட்டர்டாம் மண்டபத்தில் நீ தலைமயிரை விரித்துப்போட்டு, மாரில் அடித்துக்கொண்டு எனக்கு ஒப்பாரி பாடிய வீடியோவைப் பார்த்தேன். "பாடம் படிச்ச ராசா, பதில் சொல்லாமப் போனீகளே" என்று என் பெயரையும் ஊரையும் சொல்லியே பாடியிருக்கிறாய். பத்து நாட்டுக் கலைஞர்கள் சேர்ந்த உங்கள் குழுவுக்கு அது ஒரு நிகழ்ச்சி. நம் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண் புருஷன் பெயரைச் சொல்லி மாரடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீடியோ கைமாறிக் கைமாறி வந்ததில், அது மேடை நிகழ்ச்சி என்பதைச் சொல்ல ஆளில்லை.

பக்கத்துக் கடை நௌபர் ஓடி வந்து கதவைத் தட்டினான். திறந்தது நான். "சேர், நீங்க மௌத்தாப் போயிட்டதால்ல சொன்னாங்க!" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். மாலையில் பெரகலையிலிருந்து உன் அண்ணன் இராசையா வந்தார். தாலியறுக்கும் தங்கைக்குப் பிறந்த வீட்டார் போட வேண்டிய கோடிச் சேலை அவர் கையில். என்னைக் கண்டதும், "மாப்பிள்ளை, இத நான் எங்கங்க கொண்டுட்டுப் போறது?" என்றார்.

ஓகஸ்டில் உங்கள் குழு கொழும்புக்கு வருகிறதாம். அங்கே இதைப் பாடக் கூடாது.

நிமலன்

*

ரொட்டர்டாம்,
2024 மார்ச் 3

என்னங்க,

நீங்கள் திடமாக இருப்பது கடிதத்தின் கோபத்திலேயே தெரிந்தது. குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறீர்களா? அண்ணனிடம் பேசி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வீடியோவைப் போட்டது நாங்கள் இல்லை. பார்க்க வந்த யாரோ.

அந்த நிகழ்ச்சியில், அழ விடாமல் தடுக்கப்பட்ட ஓர் அழுகையை ஒவ்வொருவரும் அழ வேண்டும். சிலி நாட்டுக்காரி வற்றிப்போன ஓர் ஆற்றுக்காக அழுதாள். நான் அம்மாவை நினைத்துத்தான் உட்கார்ந்தேன். தோட்டத்து லய வீட்டில் அம்மாவைக் கிடத்தியிருந்தபோது நான் பாட வாயெடுத்தேன். "கல்வி டிரெக்டர் வந்திருக்காரு. தோட்டத்துப் பொம்பள மாதிரி கத்தாத, வாய மூடு" என்றீர்கள். மூடினேன். பெற்றவளை ஒரு பாட்டுக்கூட இல்லாமல் அனுப்பினேன். மேடையில் வாய் திறந்தபோது வந்தது அம்மா பெயர் இல்லை, உங்கள் பெயர்.

கொழும்புக்கு வாருங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். உயிரோடு எதிரில் இருப்பவருக்கு ஒப்பாரி பாட எனக்கு வாய் வராது. பிறகு சேர்ந்தே வீட்டுக்குப் போவோம்.

உங்கள்
விஜயா

*

பதுளை,
2024 மார்ச் 24

விஜயலெட்சுமிக்கு,

இத்தனை வருஷமாக இதையா மனதில் வைத்திருந்தாய்? நானும் லயத்தில் பிறந்தவன்தான். ஆசிரியர் அறையில் "கொழுந்துக்காரி மகன்" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் அன்று உன் அம்மா வீட்டு வாசலில் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் உன்னைக் கத்த விடவில்லை. இன்றைக்கும் விட மாட்டேன்.

உன் கூட்டத்தார் அழுது முடித்து அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். கோடிச் சேலையோடு பஸ்ஸில் திரும்பிப் போனது உன் அண்ணன்.

வருகிறேன். நீ வாயை மூடுகிறாயா என்று பார்க்கத்தான் வருகிறேன்.

நிமலன்

*

பதுளை,
2024 ஓகஸ்ட் 19

விஜயலெட்சுமிக்கு,

வந்தேன். முன்வரிசையில், உனக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். நீ தரையில் அமர்ந்து முடியை அவிழ்த்தாய். நிமிர்ந்தபோது என்னைக் கண்டாய். ஓங்கிய கை அப்படியே நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு, உயிரோடு எதிரில் இருப்பவருக்குப் பாட வாய் வராது என்று எழுதிய நீ, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினாய். பெயரை விடவில்லை, ஊரை விடவில்லை. வீடியோவில் பாடப் பாட அழுதிருந்தாய். கொழும்பில் உன் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அதன் அர்த்தம் புரியாதவன் இல்லை நான்.

பக்கத்தில் இருந்த வெளிநாட்டுப் பெண்மணிதான் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இறந்தவரை உங்களுக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன்.

சட்டத்தரணியைப் பார்த்துவிட்டு வந்தேன். விவாகரத்துப் பத்திரம் வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பு. இனி நீ எந்த ஊரில் பாடினாலும் யாருக்கு என்று கேட்க மாட்டேன்.

நிமலன்